ஹால் ஜொலிக்குது... ஆச்சி தடுக்கி விழுறாங்களே!

"மார்கழித் தேரோட்டத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும். அதுக்குள்ளே வீட்டை மாத்திரணும்!"

சுசீந்திரத்தில் இந்தப் பேச்சு அடிபடாத தெரு உண்டா? உடனே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி சோபா பார்ப்பார்கள். ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங், அதன் ஓரத்தில் நீல வெளிச்சம் கசியும் ஸ்ட்ரிப் லைட், நடுவில் பத்துப் பன்னிரண்டு டவுன் லைட், முகம் தெரிகிற மாதிரி பளபள டைல்ஸ், கண்ணாடி டீப்பாய், தரையோடு தரையாகத் தாழ்வான கட்டில்... பார்க்கப் பார்க்க மனசு குளிரும். தப்பே இல்லை. பாடுபட்டுச் சம்பாதிப்பதே வீட்டை நன்றாக வைத்துக்கொள்ளத்தானே!

ஆனால் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டு ஆச்சி ராத்திரி 2 மணிக்குக் கட்டிலை விட்டு எழுந்து பாத்ரூம் போகிற பாதையில் எத்தனை விளக்கு இருக்கிறது?

எண்ணிப் பாருங்கள். ஹாலில் 12. பூஜை அறையில் 3. வாசலில் 2. ஆச்சி நடக்கிற பாதையில்... பெரும்பாலும் பூஜ்யம்! ஸ்விட்ச் இருப்பதோ கதவுக்குப் பக்கத்தில். அதாவது, இருட்டில் நடந்துபோய்த்தான் வெளிச்சத்தைப் போட வேண்டும். போடவும் மாட்டார்கள். "லைட்டைப் போட்டா பிள்ளைய முழிச்சிரும்" என்று சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார்கள்.

விழுவது அங்கேதான்.

விழுவது சின்ன விஷயமா?

"வயசானா விழத்தான் செய்வாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கணக்கைக் கேட்டால் தூக்கிவாரிப்போடும். கீழே விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இதில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருஷத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்.

இளவயதில் விழுந்தால் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவோம். எலும்பு தேய்ந்துபோன வயதில் அப்படி இல்லை. இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷன், படுக்கை, படுக்கைப்புண், நெஞ்சில் சளி என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் பழையபடி தன் காலில் நடப்பதே சந்தேகமாகிவிடும். எலும்பு முறியாவிட்டாலும் பயம் வந்துவிடும். "இனி நான் எங்கேயும் வரலை" என்று ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார உட்காரக் கால் தசை இன்னும் பலவீனமாகும். மறுபடி விழ அதுவே காரணமாகும்.

விழுவதற்குப் பல காரணங்கள் உண்டு. தசை பலவீனம், தலைசுற்றல், ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, கண்புரை, சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைவது... இதெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. ஆனால் வெளிச்சம், தரை, மேஜை நாற்காலி, கட்டில்? இவை முழுக்க முழுக்க நம் கையில்!

60 வயதுக் கண்ணுக்கு மூன்று மடங்கு வெளிச்சம்

வயதாக ஆகக் கண்ணின் பாப்பா சுருங்குகிறது. உள்ளே இருக்கும் லென்ஸ் மெல்ல மஞ்சளாகிறது. 20 வயதில் விழித்திரையை எட்டுகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் எட்டுகிறது. "நல்லாத்தானே தெரியுது, ஆச்சிக்கு மட்டும் ஏன் தெரியலை?" என்று பேரன் கேட்பது இதனால்தான். இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் இருவர் கண்ணும் பார்ப்பது வேறு வேறு வெளிச்சம்.

"அப்படியானால் இன்னும் நாலு பல்பு போட்டுவிடலாமே" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு நேரடியான பளீர் வெளிச்சம் உள்ளே சிதறிக் கண்ணைக் கூசவைக்கும். அதோடு, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும் கண் பழக வயதானவர்களுக்கு அதிக நேரம் ஆகும். ஜொலிக்கிற ஹாலிலிருந்து இருட்டு நடைக்குள் கால் வைக்கும் அந்த சில விநாடிகள்தான் ஆபத்து.

ஆக, விளக்கின் எண்ணிக்கை முக்கியமில்லை. அது இருக்கிற இடம்தான் முக்கியம்.

கோயில் தூண் சொல்லும் பாடம்

இந்தப் பாடத்துக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் தாணுமாலயன் கோயிலுக்கே போவோம். ராஜகோபுரத்தையும், தட்டினால் நாதம் எழுப்பும் இசைத்தூண்களையும், 18 அடி ஆஞ்சநேயரையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். பிரகாரத்துத் தூண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கையில் அகலை ஏந்தி நிற்கும் பெண் சிற்பங்கள். பாவை விளக்கு என்பார்கள், தீபலட்சுமி என்றும் சொல்வார்கள்.

எண்ணெய்த் திரியின் வெளிச்சம் எவ்வளவு இருக்கும்? ஒரு மெழுகுவர்த்தி அளவு. அதை உச்சி மேல் கூரையில் தொங்கவிட்டிருந்தால் தரைக்கு ஒன்றும் வந்து சேராது. சிற்பத்தின் கையளவு உயரத்தில், நடக்கிறவர் பக்கத்திலேயே, தூணுக்குத் தூண் வரிசையாக வைத்திருக்கிறார்கள். சின்ன விளக்கு, ஆனால் கிட்டத்தில்!

இதற்குப் பின்னால் ஒரு பௌதிகக் கணக்கு இருக்கிறது. விளக்குக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் பாதியானால் அதன்மேல் விழும் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு ஆகும். கூரையில் இருக்கும் பெரிய பல்பைவிடப் புத்தகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும் 5 வாட் மேஜை விளக்கு அதிகம் உதவுவது இதனால்தான். கரண்ட் பில்லும் குறைவு!

முதல் செலவு: ராத்திரிப் பாதைக்கு

இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்யுங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஆச்சியோ தாத்தாவோ படுக்கும் இடத்தில் 10 நிமிஷம் படுத்திருங்கள். பிறகு எழுந்து மெதுவாகப் பாத்ரூம் வரை போய் வாருங்கள். எங்கே கை துழாவுகிறது, எங்கே கால் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க வேண்டிய லிஸ்ட் அதுதான்.

• கட்டிலில் படுத்தபடியே கை எட்டும் இடத்தில் ஒரு ஸ்விட்ச் வேண்டும். கதவருகே ஒன்று, கட்டிலருகே ஒன்று என்று டூ-வே ஸ்விட்ச் போடச் சொன்னால் போட்டுத்தருவார்கள். புதிதாக வயரிங் செய்யும்போதே சொல்லிவிட்டால் சுவரை உடைக்கிற வேலை மிச்சம்.

• கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, தரையிலிருந்து ஒன்று ஒன்றரை அடி உயரத்தில் சின்னச் சின்ன கால்விளக்குகள். அரை வாட், ஒரு வாட் போதும். வெளிச்சம் தரையில் விழ வேண்டும், கண்ணில் படக்கூடாது. நிறம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு.

• ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானே எரியும் சென்ஸார் விளக்கு இன்னும் நல்லது. "பிள்ளைய முழிச்சிரும்" என்ற கவலையும் இல்லை, ஸ்விட்சைத் தேடவும் வேண்டாம்.

• இரண்டு படி, மூன்று படி இருக்கும் இடத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று ஸ்விட்ச். படியின் விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டை. பழைய வீடுகளில் உயரமான நிலைப்படி இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். ஒரே நிறத்தில் இருக்கும் படியை மங்கிய கண் சமதரை என்றே நினைக்கும்.

• பாத்ரூமில் கழிப்பிடத்துக்குப் பக்கத்திலும் குளிக்கிற இடத்திலும் சுவரில் கைப்பிடிக் கம்பி. டவல் மாட்டுகிற கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது, ஜாக்கிரதை!

இத்தனைக்கும் ஆகும் செலவு ஹாலில் தொங்கப்போகிற ஒரு ஃபேன்ஸி சரவிளக்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மஞ்சளா, வெள்ளையா?

எல்.ஈ.டி. விளக்கு நம் வீட்டுக்குள் வந்த வேகம் ஆச்சரியமானது. நீல நிற எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் கிடைத்ததால்தான் வெள்ளை வெளிச்சம் சாத்தியமானது. அடுத்த வருஷமே, 2015 ஜனவரியில், மத்திய அரசின் 'உஜாலா' திட்டம் ஆரம்பமாகி, 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.ஈ.டி. பல்புகள் மலிவு விலையில் விநியோகமாயின. பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சத்தை 9 வாட் எல்.ஈ.டி. கொடுத்துவிடுகிறது.

நல்லதுதான். ஆனால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் '6500 கே' என்று அட்டையில் போட்டிருக்கும் பால்வெள்ளை விளக்கு. 'கே' என்றால் கெல்வின். இது வாட் கணக்கு அல்ல, வெளிச்சத்தின் நிறக் கணக்கு. 2700 முதல் 3000 வரை என்றால் பழைய குண்டு பல்பு போல இளமஞ்சள். 4000 என்றால் நடுத்தரம். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை.

இதில் உடம்புக்கு என்ன சம்பந்தம்? இருக்கிறது! பார்ப்பதற்கான செல்கள் தவிர, பகலா இரவா என்று மூளைக்குத் தகவல் சொல்லவே தனியாகச் சில செல்கள் விழித்திரையில் இருப்பது 2002-ல் தெரியவந்தது. இவை நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் அசைந்து கொடுக்கும். ராத்திரி 9 மணிக்கு மேல் பளீரென்ற நீலவெள்ளை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தால் 'இன்னும் பொழுது சாயவில்லை' என்று மூளை நினைத்துக்கொள்ளும். தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பது தள்ளிப்போகும். பிறகு, "படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது டாக்டர்" என்று புலம்பல்!

ஆகவே படுக்கை அறைக்கு இளமஞ்சள். படிப்பு மேஜைக்கும் அடுக்களைக்கும் 4000. பால்வெள்ளை ரொம்பப் பிடிக்கும் என்றால் ஹாலில் பகல் வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதை அணைத்துவிட்டு ஓரமாக ஒரு மஞ்சள் விளக்கைப் போடுங்கள்.

நம் ஊருக்கு இன்னொரு லாபமும் உண்டு. சுற்றிலும் வயல், குளம். விளக்கைப் போட்டால் பூச்சி மொய்க்கும். நீலவெள்ளையைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாகவே வரும். வாசல் விளக்குக்கு மஞ்சளே சரி. அதையும் வானத்தைப் பார்க்க வைக்காமல் தரையைப் பார்க்க வையுங்கள். சுசீந்திரம் – தேரூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவை இடம். ராத்திரி அவையும் தூங்க வேண்டாமா!

எந்த இடத்துக்கு எவ்வளவு?

வெளிச்சத்தை அளக்க 'லக்ஸ்' என்று ஓர் அளவு உண்டு. ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் 1 லக்ஸ். உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் வரை போகும். வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய வழிகாட்டல் சொல்கிறது:

• மாடிப்படி, குளியலறை – 100 லக்ஸ்
• சாதாரணமாகப் பேப்பர் புரட்ட – 150
• அடுக்களை – 200
• வீட்டுப்பாடம், தொடர்ந்து படிப்பது – 300
• தையல், கிழிசல் தைப்பது – 700

செல்போனிலேயே லக்ஸ் பார்க்கிற ஆப் இருக்கிறது. துல்லியமாக இராது. ஆனாலும் பிள்ளையின் படிப்பு மேஜை மீது வைத்துப் பாருங்கள். ஹாலின் ஓரத்தில் அலங்காரமாகக் கசியும் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தால் 50, 60 கூடத் தேறாது. மேஜை விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். வலது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இடது பக்கம் வையுங்கள். இல்லையென்றால் எழுதுகிற கையின் நிழல் எழுத்து மேலேயே விழும். மேஜையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டால் பகலில் விளக்கே வேண்டாம்.

அடுக்களையில் நடக்கிற கூத்து வேறு. விளக்கு நடுக்கூரையில் இருக்கும், நீங்கள் அதற்கு முதுகு காட்டி நின்று காய் நறுக்குவீர்கள். உங்கள் நிழலே கத்தி மேல்! மேல் அலமாரியின் அடியில் ஒரு ஸ்ட்ரிப் லைட் ஒட்டிவிட்டால் விரலும் தப்பும், கீரையில் இருக்கும் புழுவும் தெரியும்.

ஃபால்ஸ் சீலிங் போடுகிறீர்களா?

போடுங்கள். மூன்று விஷயத்தை மட்டும் கவனியுங்கள்.

ஒன்று: டவுன் லைட்டை சோபாவுக்கு நேர் மேலே வைக்காதீர்கள். சாய்ந்து உட்கார்ந்தால் வெளிச்சம் கண்ணுக்குள்ளே குத்தும். சுவரை ஒட்டி வைத்தால் சுவரில் பட்டு மென்மையாகப் பரவும்.

இரண்டு: மின்விசிறி இறக்கைக்கு மேலே விளக்கு வந்துவிடக்கூடாது. இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும். அறையே துடிப்பது போல இருக்கும். தலைவலி, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தாங்காது. மலிவான எல்.ஈ.டி.யும் இப்படித் துடிப்பதுண்டு. செல்போன் கேமராவில் ஸ்லோ மோஷனில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் வாங்காதீர்கள்.

மூன்று: கூரை கசிவு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கசிவைச் சரிசெய்யாமல் மேலே போர்டு அடித்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்து ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இரைப்பு வரும். ஈரமும் வயரும் ஒரே இடத்தில் இருப்பது அதைவிட ஆபத்து. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேளுங்கள். ஷாக் அடித்த நொடியில் கரண்டைத் துண்டித்துவிடும்.

சோபா கடைக்கு ஆச்சியையும் கூட்டிப் போங்கள்

கடையில் சோபாவை எப்படிப் பார்க்கிறோம்? துணியின் நிறம், தையல், விலை. உட்கார்ந்து பார்ப்பதுகூட இல்லை. உட்கார வேண்டியது ஆச்சி. எழுந்திருக்க வேண்டியதும் ஆச்சிதான்!

சோதனை சுலபம். உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயரக்கூடாது. முழங்கால் மேலே நிற்கிற மாதிரி அமுங்கும் சோபாவிலிருந்து எழ முழங்கால் மூட்டு இரட்டிப்பு வேலை செய்ய வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடித்தான் எழுவார்கள். அப்படி ஆடும்போதே சரிந்து விழுபவர்கள் உண்டு.

நம் ஊர் பெண்களுக்குப் பொதுவாக 16 அங்குல உயர இருக்கை சரி. வயதானவர்களுக்கு 17, 18 அங்குலம், கெட்டியான மெத்தை, ஊன்றி எழ இரண்டு பக்கமும் கைப்பிடி. 'டிசைனர்' சோபாக்களில் இருக்கையின் ஆழம் 22, 24 அங்குலம்கூட இருக்கிறது. ஐந்தடி உயரப் பெண் முதுகைச் சாய்த்தால் கால் தொங்கும், காலை ஊன்றினால் முதுகு அந்தரத்தில். இடுப்பு வலி வராமல் என்ன செய்யும்? ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பரவாயில்லை, முதுகுக்குப் பின்னால் ஒரு கெட்டித் தலையணை வையுங்கள்.

கட்டிலுக்கும் இதே கணக்கு. மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம். சினிமாவில் வருகிற மாதிரி தரையோடு ஒட்டிய கட்டில் 25 வயதுக்கு அழகு, 65 வயதுக்குத் தண்டனை.

கண்ணாடி டீப்பாயை நடைபாதையில் போடாதீர்கள். மங்கிய கண்ணுக்குக் கண்ணாடி தெரியவே தெரியாது. தவழும் பிள்ளைக்கோ அதன் மூலைதான் நெற்றி உயரம். வழுக்கும் சின்ன மிதியடி, குறுக்கே ஓடும் சார்ஜர் வயர் இரண்டையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

"அப்போ பாயில உட்காருறது?" முழங்கால் நன்றாக உள்ளவர்கள் தாராளமாக உட்காரட்டும். தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதே நல்ல உடற்பயிற்சி. மூட்டுவலிக்காரர்களை மட்டும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அடுக்களை மேடை யார் உயரத்துக்கு?

கம்பெனி அளவில் வரும் மாடுலர் கிச்சன் மேடை 34 முதல் 36 அங்குலம். ஐந்தடி உயரப் பெண் அதில் சப்பாத்தி தேய்த்தால் தோள்பட்டையைத் தூக்கித் தூக்கித் தேய்க்க வேண்டும். ராத்திரி கழுத்துவலி! நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் சரி. ஐந்தடிக்காரருக்கு அது 32, 33 அங்குலம் வரும். தச்சரிடம் அளவு சொல்ல வேண்டியது, அந்த மேடையில் நிற்கப் போகிறவர்தான்.

தரை, பெயிண்ட், பிளைவுட்

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூட உல்லாசப் பயணமாகப் போயிருப்பீர்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய கறுப்புத் தரை இன்றும் பளபளக்கிறது. மந்திரசாலை ஜன்னல்களில் வர்ண அபிரகத் தகடு. வெயிலின் கடுமை வடிகட்டப்பட்டு வெளிச்சம் மட்டும் உள்ளே வருகிறது. பூமுகத்தில் குதிரை விளக்கு. அலங்காரம் என்றாலே ஆரோக்கியத்துக்கு எதிரி இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. வெளிச்சமும் காற்றும் வர இடம் விட்டுவிட்டுத்தான் அலங்காரம் செய்தார்கள்.

நம் வீட்டில் பளபள டைல்ஸ் ஹாலோடு நிற்கட்டும். பாத்ரூம், பின்வாசல், சாரல் அடிக்கும் வராந்தா மூன்றுக்கும் சொரசொரப்பான மேட் ஃபினிஷ் டைல்ஸ்தான். கடையிலேயே ஒரு டைல்ஸில் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

பெயிண்ட்டில் ஈயம் கலந்தால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். டப்பாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஜன்னல், கதவுகளின் பெயிண்ட்டைச் சுரண்டும்போது பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் வைப்பது நல்லது. அந்தத் தூசியில் பழைய ஈயம் இருக்கலாம்.

புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறதா? பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு அது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் அறிவித்த பொருள். பயப்பட வேண்டாம், எச்சரிக்கை போதும். வாங்கும்போது 'ஈ-1' அல்லது 'ஈ-0' தரம் கேளுங்கள். வெட்டிய விளிம்புகளை மூடி ஒட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சில வாரம் ஜன்னல், அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். பச்சைக் குழந்தையை அந்த அறையில் உடனே படுக்கவைக்காதீர்கள்.

சில சந்தேகங்கள்

எல்.ஈ.டி. கண்ணைக் கெடுக்குமா?
வழக்கமான வீட்டு உபயோகத்தில் ஆரோக்கியமான கண்ணுக்கு நேரடிக் கெடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய ஆணையத்தின் விஞ்ஞானக் குழு 2018-ல் சொன்னது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். பல்பு நேராகக் கண்ணில் படாமல் மூடி போடுங்கள்.

மங்கலான வெளிச்சத்தில் படித்தால் பார்வை போய்விடுமா?
போகாது. கண் சோர்வும் தலைவலியும் வரும். பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்குக் காரணம் வேறு: சதா புத்தகம், செல்போன் என்று கிட்டத்தில் பார்ப்பதும், வெயில் வெளிச்சமே படாமல் இருப்பதும். தைவானில் 2010 முதல் பிள்ளைகளைத் தினம் 120 நிமிஷம் வெளியே அனுப்பும்படி பள்ளிகளை ஊக்குவித்தார்கள். பலனும் தெரிந்தது. சாயங்காலம் தெப்பக்குளம் பக்கம் விளையாட விடுங்கள்!

ராத்திரி முழுக்கக் கால்விளக்கு எரிந்தால் கரண்ட் பில்?
அரை வாட் விளக்கு தினம் 10 மணி நேரம் எரிந்தாலும் வருஷத்துக்கு 2 யூனிட்கூட ஆகாது.

கடைக்குப் போகும் முன்...

ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டே இரண்டு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவரின் முழங்கால் தரையிலிருந்து எத்தனை அங்குலம்? சின்னப் பிள்ளை படிக்கிற இடத்தில் எத்தனை லக்ஸ்? முதல் அளவு சோபாவையும் கட்டிலையும் முடிவு செய்யும். இரண்டாவது அளவு விளக்கை முடிவு செய்யும்.

பட்ஜெட்டில் முதல் பங்கு ராத்திரிப் பாதைக்கும் பாத்ரூம் கைப்பிடிக்கும். இரண்டாவது படிப்பு மேஜைக்கும் அடுக்களைக்கும். மீதிப் பணத்தில் சரவிளக்கு மாட்டுங்கள், நீல வெளிச்சம் கசியவிடுங்கள், சுவருக்கு ஓவியம் வாங்குங்கள். தேரோட்டத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஹாலைப் பார்த்து "அடேயப்பா!" என்று சொல்லட்டும். ஆச்சியும் அவர்களோடு தன் காலால் நடந்துபோய் வடம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரட்டும்.